ஜேடர்பாளையத்தில் ஒரு மீட்டிங்

எனக்கு எட்டு வயதானபோது எங்களுக்கு வீடு கிடையாது. சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். ஆபீஸ்தான் லேப்டாப்புக்குள் வந்துவிட்டதே, பிள்ளைகளுக்கு நாலு ஊரைக் காட்டலாம் என்று அப்பாவும் அம்மாவும் எடுத்த முடிவு. சொந்தக்காரர்களுக்கெல்லாம் வயிற்றெரிச்சல். அவர்களுக்கென்ன தெரியும்? எங்களுக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. மீட்டிங் நேரத்தில் மூச்சுவிடக் கூடாது. முன்பின் தெரியாதவர்களிடம் பேரோ ஊரோ சொல்லக் கூடாது.

ஜேடர்பாளையம் தடுப்பணைக்குப் போன அன்று அம்மா எங்களோடு இல்லை. பல்வலி தாங்காமல் நாமக்கல்லுக்குப் பஸ் ஏறியிருந்தாள். மீன் வறுக்கும் கடைகளுக்குப் பக்கத்தில் காரை நிழலில் நிறுத்திவிட்டு, பின்சீட்டில் எங்களுக்கு நடுவே உட்கார்ந்து அப்பா மீட்டிங்கைத் தொடங்கினார். மூன்று வயதுத் தங்கையோ தண்ணீரில் இறங்கியே ஆக வேண்டும் என்று வீறிட்டாள். அப்பா பேச வேண்டிய முறை வந்தது. சட்டென்று அவள் வாயைப் பொத்தினார். எங்களுக்கு அது பழகிப்போன விஷயம்.

மீன்கடை அம்மா அதைப் பார்த்துவிட்டார். பிள்ளை பிடிக்கிறவர்கள் நடமாடுகிறார்கள் என்று அந்த வாரம் எல்லோர் போனிலும் வீடியோ சுற்றிக்கொண்டிருந்ததாம்.

"ஏனுங்க, கொழந்த வாயை எதுக்குங்க பொத்தறீங்க?"

ஹெட்போனைக் கழற்றிப் பதில் சொல்லியிருந்தால் தீர்ந்தது. அப்பாவோ ஒரு விரலைத் தூக்கி, ஒரு நிமிஷம் என்று சைகை காட்டிவிட்டு, ஆங்கிலத்தில் பேச்சைத் தொடர்ந்தார். போதாக்குறைக்குக் கார்க் கண்ணாடியையும் ஏற்றினார், பாவி மனுஷன்!

எங்கிருந்துதான் வந்தார்களோ, காரைச் சுற்றி ஒரே கூட்டம். ஒருவர் கதவைத் திறந்து சாவியைப் பிடுங்கினார். இன்னும் இருவர் அப்பாவை வெளியே இழுத்தார்கள். ஹெட்போன் பிடுங்கிக்கொண்டு காருக்குள்ளேயே விழுந்தது. மீன்கடை அம்மா என்னை இறக்கி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாத சாமி. ஊடு எங்க உனக்கு?"

சட்டப்படி நான் வாயைத் திறக்கவில்லை.

"எந்தப் பள்ளிக்கோடம்?"

பள்ளிக்கூடமும் எனக்குக் கிடையாது. எல்லோரும் உறுத்துப் பார்த்த பார்வையில், போன வாரம் தங்கிய ஊர் வாயில் வந்துவிட்டது. "மைசூர்" என்றேன். அதே நேரம் அப்பா "சென்னைங்க" என்றார்.

சாவி வைத்திருந்தவர் அப்பாவின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். மூக்குக்கண்ணாடி தெறித்து மண்ணில் விழுந்தது. அப்பா அடி வாங்கி நான் பார்த்ததே இல்லை. "அப்பா! அப்பா!" என்று கத்தினேன்.

"அப்புடிக் கூப்பிடோணும்னு சொல்லிக் குடுத்திருப்பானுங்க" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அப்பாவை அப்பா என்று எப்படி நம்ப வைப்பது? கொன்றே போட்டுவிடுவார்கள், எங்களைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்துவிட்டேன். என்னைப் பிடித்திருந்த கையைக் கடித்தேன். பல் பதிந்தும் அந்த அம்மா பிடியை விடவில்லை.

அதற்குள் தங்கை தானாகவே காரைவிட்டு இறங்கி, நின்றவர்களின் கால்களுக்கிடையே நுழைந்து போனாள். மூக்குக்கண்ணாடியை எடுத்தாள். கவுனில் துடைத்தாள். அப்பாவின் சட்டையைப் பிடித்துக் குனிய வைத்து, இரண்டு காதிலும் சரியாக மாட்டிவிட்டுக் கேட்டாள்:

"மீட்டிங் முடிஞ்சிதா?"

மீன்கடை அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "உட்ருங்க. பெத்தவருதான்."

அறைந்தவர் சாவியை நீட்டினார். "மன்னிச்சுக்கோங்க. எங்கூட்லயும் புள்ளைங்க இருக்குதுங்க." அப்பா சாவியை வாங்கிக்கொண்டார். காருக்குள் லேப்டாப்பில் யாரோ அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அடுத்த மாதமே சென்னையில் வீடு பார்த்தாயிற்று. பிள்ளை பிடிக்கும் கூட்டத்திடமிருந்து நாங்கள் தப்பித்த கதை என்றுதான் புதுப் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அந்தக் கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டே இருந்ததையும் சொன்னேன், அவ்வளவு கோபம் என்று. யார் பெற்ற பிள்ளையோ என்று அந்த அம்மா எனக்காகப் பயந்துதான் நடுங்கினார் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.