சாந்தசொரூபியும் மியூட் பொத்தானும்

அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் சாந்தசொரூபி. வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க அடுத்தவன் எரிச்சலைக் கேட்கிறவருக்கு இப்படி ஒரு பெயர் கிடைப்பது லேசுப்பட்ட காரியமா? அந்த ஹாலில் மற்றவர்களெல்லாம் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் அடித்தவர்கள், பாத்ரூமில் போய் அழுதவர்கள். இவர் மட்டும் அசைய மாட்டார். "போன வாரம்தானேய்யா ரிப்பேர் பண்ணீங்க, மறுபடியும் தரையெல்லாம் தண்ணி. நீங்கல்லாம் மனுஷங்கதானா?" என்று எதிர்முனை எகிறும். இவர் தேன் தடவின குரலில், "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் சார். ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்பார்.

அந்த ஒரு நிமிஷத்தில்தான் சூட்சுமமே இருந்தது. மியூட் பொத்தானை அமுக்குவார். அதில் சிவப்பு லைட் எரியும். எரிந்தால் இவர் பேசுவது எதிர்முனைக்குக் கேட்காது. உதடு அசைகிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு, "உன் மூஞ்சிக்கு மெஷின் ஒரு கேடா? போர்வையையும் மிதியடியையும் ஒண்ணா உள்ள திணிச்சா அது ஓடுமா, உன் தலையில ஏறி ஆடுமா?" என்று கொட்டித் தீர்ப்பார். பிறகு லைட்டை அணைத்துவிட்டு, "காத்திருந்ததற்கு நன்றி சார்." பக்கத்து சீட்டுப் பெண்ணுக்கு மட்டும் இது தெரியும். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை, ஏனென்றால் அவளும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

இதெல்லாம் தெரியாத மேனேஜர், மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று ஒரு வகுப்பு வைக்கலாம், அதில் இவரையே முன்மாதிரியாக உட்கார வைக்கலாம் என்று முடிவெடுத்தார். சம்பளத்தைக் கூட்டினால் பாதி அழுத்தம் குறையும் என்று அந்த ஹாலில் யாருக்குத் தெரியாது? சொல்லத்தான் யாரும் இல்லை.

சரி, அலுவலகம் கிடக்கட்டும். வீட்டில் மியூட் பொத்தான் கிடையாதே! அதனால் அவர் வாயையே மூடிக்கொண்டார். மனைவி என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவார். "மெஷின்லேர்ந்து தண்ணி ஒழுகுதுங்க." "ம், பார்க்கலாம்." "மாசக்கணக்கா சொல்றேன். உங்க கம்பெனி மெஷின்தானே?" "புரியுதும்மா. சொல்லி வைக்கிறேன்." ஒருநாள் அந்த அம்மா வெறுத்துப்போய் அவர் காப்பியில் வேண்டுமென்றே உப்பைப் போட்டுக் கொடுத்தாள். மனுஷன் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார். கல்லுக்குக்கூட மழை பட்டால் நிறம் மாறும், இவருக்கு மாறவில்லை.

மாறியது அவள் உடம்புதான். தலைசுற்றல் என்று டாக்டரிடம் போனாள். ரத்த அழுத்தம் ஏகத்துக்கும் ஏறியிருந்தது.

"வீட்ல ஏதாவது சண்டை சச்சரவாம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

"அதான் இல்லையே டாக்டர்."

"அப்ப ரொம்ப நல்ல விஷயமாச்சே?"

"நீங்க ஒரு வாரம் அவரோட இருந்து பாருங்க."

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அவள் பையை எடுத்துத் துணியை அடுக்கினாள். "நான் அக்கா வீட்டுக்குப் போறேன். எப்ப வருவேன்னு தெரியாது. வருவேனான்னும் தெரியாது" என்றாள். 'போகாதே' என்று சொல்ல வாயெடுத்தார். வந்தது என்னவோ, "உன் முடிவை மதிக்கிறேன்." இப்படி ஒரு பதிலைக் கேட்டுவிட்டு எந்தப் பெண்சாதி பையைக் கீழே வைப்பாள்? சாயங்காலம் கிளம்புவதாகச் சொல்லி, பையைக் கொண்டுபோய் வாசற்கதவுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் அதைத் தாண்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

அன்றைக்குத்தான் அலுவலகத்தில் வகுப்பு. முந்தின நாள் ராத்திரிதான் எல்லா மேஜைக்கும் புதுப் போன் வந்திருந்தது. காலையில் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த நேரத்தில், சாந்தசொரூபி மேனேஜர் அறையில் அமைதிக்கான கேடயத்தை வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். புதுப் போனில் எல்லாம் தலைகீழ். சிவப்பு லைட் எரிந்தால் பேசுவது கேட்கிறது என்று அர்த்தம். இந்த ஒரு விஷயம் ஹாலில் அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அவருக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். அழைப்பை எல்லாரும் கேட்கும்படி மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்தது.

"வணக்கம், புகார்ப் பிரிவு. சொல்லுங்க."

"நான்தான். வீட்ல சொல்லி அலுத்துப் போச்சு. ஊர்க்காரங்க மாதிரி போன்ல சொன்னாலாவது கேப்பீங்களான்னு பார்க்குறேன். கூடமெல்லாம் தண்ணி."

மனைவி! பின்னால் பிள்ளைகள், பக்கத்தில் மேனேஜர், மேஜைமேல் கேடயம். பழகின வாய் பழகினதைச் சொன்னது: "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் மேடம். ஒரு நிமிஷம் லைன்ல இருங்க."

பொத்தானுக்குக் கை போனது. சிவப்பு லைட் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. பதற்றத்தில் நாமே அமுக்கிவிட்டோம்போல என்று நினைத்து, தலையைக் குனிந்து ஆரம்பித்தார்.

"மேடமாம் மேடம்! இவளுக்கு இன்னைக்குத்தான் நேரம் கிடைச்சுதா? நாள் முழுக்க ஊர்ல உள்ளவன் அழுக்கெல்லாம் என் காதுலதான் கொட்டுது. வீட்டுக்கு வந்தா இவளும் அதே மெஷினு, அதே தண்ணி. நான் எங்கதான்டி போவேன்? வாயைத் திறந்தா கத்திடுவேனோன்னு பயந்துதானே மூடிக்கிட்டு உக்காந்திருக்கேன். காப்பியில உப்பு போட்டது தெரியாதுன்னு நினைச்சியா? நாக்கு செத்துப்போச்சு. இப்ப மூட்டையைக் கட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போறாளாம். நீ போயிட்டா நான் அந்த வீட்ல யார் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டுக் கிடப்பேன்? அதை ஒரு நிமிஷம் யோசிச்சியாடி நீ?"

ஸ்பீக்கரிலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

"கேக்குதுங்க."

அவர் லைட்டைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். பக்கத்து சீட்டுப் பெண் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க? மேல சொல்லுங்க" என்றாள் மனைவி. குரல் உடைந்திருந்தது. "உப்பு தெரிஞ்சுதா? தெரிஞ்சும் குடிச்சீங்களா? இப்படி ஒரு ஆளை நான் என்னன்னு சொல்றது? ஒரு தடவை டம்ளரைத் தூக்கி எறிஞ்சிருந்தாக்கூட, வீட்ல ஒரு மனுஷன் இருக்கான்னு நிம்மதியா இருந்திருப்பேனே."

"டம்ளரை எறிஞ்சா யாரு துடைக்கிறது?"

"நீங்கதான்!"

அதற்குமேல் நடந்ததைக் கேட்க வேண்டுமா? கல்யாணத்தில் யார் வீட்டார் முகம் சுளித்தார்கள் என்பதுவரை போய்விட்டார்கள் இருவரும். மற்ற அழைப்புகள் வரிசையில் காத்துக் கிடந்தன. மேனேஜர்தான் கடைசியில் ஒயரைப் பிடுங்கினார். கேடயத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அடுத்த வகுப்புக்கு அவரை மாணவராக வரச் சொன்னார். புதுப் பிள்ளைகளுக்கு மட்டும் அன்றைக்கு நல்ல பாடம் என்று பேச்சு.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்ததும் பை காலில் இடறியது. அவள் கூடத்தில் உட்கார்ந்து துணியைப் போட்டுத் தண்ணீரை ஒற்றியெடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உன் சிரமத்துக்கு..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எந்தப் புண்ணியவதி இதை வழியில வச்சது? கால் கட்டைவிரலே போச்சு" என்று கத்தினார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

அவள் துணியைப் பிழிந்தாள்.

"வலிச்சா நீங்களே எடுத்து உள்ள வைங்க. நான் வேலையா இருக்கேன்ல?"

அவர் பையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்து, பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இன்னொரு துணியோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.