கரி மிச்சமாகாத வீடு

நமுகோலோ செய்த குற்றம் இதுதான்: பிள்ளைகளுக்கு வெந்நீர் வைத்தாள், வாரம் இரண்டு முறை பீன்ஸ் வேகவைத்தாள். லுசாகாவின் குடிசைப் பகுதியில் இதெல்லாம் இப்போது குற்றமாம்!

பழைய தகர அடுப்பில் ஒரு வாளிக் கரி ராத்திரிக் களிக்கே சரியாகிவிடும். மூன்று மணி நேரம் வேகிற பீன்ஸுக்கு எங்கே போவது? அந்த ஊருக்குக் குளிர்காலமான ஜூன் மாதத்தில் மகள் லிசேலியும் அவள் தம்பியும் பச்சைத் தண்ணீரில் நடுங்கிக் குளித்துவிட்டுத்தான் பள்ளிக்கு ஓடினார்கள். அப்புறம் ஏதோ ஒரு திட்டத்தார் உள்ளே மண் பூசிய புது அடுப்பைக் கொடுத்தார்கள். பாதிக் கரியில் களி ஆயிற்று. மீந்த பாதியில் பீன்ஸும் வெந்நீரும் ஆயின.

மறு ஜூனில் தராசோடு வந்தான் திட்டத்து ஆள் சிலுங்வே. ஒரு வாரம் கரி மூட்டையை நிறுப்பானாம். செலவு குறையாத வீட்டின் அடுப்பு வேறு வீட்டுக்குப் போய்விடுமாம். பக்கத்து வீட்டு முதின்டா காதைக் கடித்தாள்.

"லிசேலி அம்மா, அசடா இருக்காதே. கட்டிலுக்கு அடியில வேற மூட்டை வச்சு, இந்த வாரம் அதுல சமை. நான் அப்படித்தான் செய்யறேன்."

"போடி! நம்ம வீட்டுல நாம சமைச்சுத் திங்க எதுக்குடி திருட்டுத்தனம்?"

கடைசி நாள் தராசைப் பார்த்துச் சிலுங்வே உதட்டைப் பிதுக்கினான். "பழைய அளவுக்கே எரிச்சிருக்கீங்கம்மா. அவ்வளவும் வீண்."

"வீணா? எம்புள்ளைங்க முதுகுல ஊத்தின வெந்நீர் வீணா? உன் வீட்டுல குழாயத் திருகினா வெந்நீர் கொட்டுதே தம்பி, அத எவன் வந்து நிறுக்கறான்?"

"விதி அப்படிம்மா. அடுப்ப எடுத்துட்டுப் போகணும்."

"எடுத்துக்கோ. பீன்ஸ் முக்கால் வேக்காட்டுல நிக்குது. வெந்ததும் எடு."

உட்கார்ந்தான். வந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்பும் வழக்கம் அவள் வீட்டில் இல்லை. வயிறு எரிந்தாலும், கைகழுவ அவனுக்கு வெந்நீர் ஊற்றினாள். களியும் பீன்ஸும் வைத்தாள். அந்த மகானுபாவன் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கித் தின்றான். பிறகு, சூடு ஆறாத அடுப்பைப் பிடித்துத் தூக்க அவளிடமே துணி கேட்டான்! போகிற வழியில் முதின்டாவை வாசலில் நிறுத்தி, சிக்கனக் குடும்பம் என்று படமும் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் காலை லிசேலி வாளிக்குள் கையை விட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, வெந்நீர் இல்லையா?"

"உனக்கு ஊத்தினா வீணாப் போயிடுமாம். குளிடி," என்றாள் நமுகோலோ.