ஏப்ரல் முதல் கிழமை, பனி இல்லை

என் மனைவியின் தம்பி ஜேர்மனியில் பத்து வருடம் உணவகச் சமையலறைகளில் நின்றுவிட்டு, இரண்டாயிரமாம் ஆண்டில் ஸ்கொட்லாந்தின் வடகிழக்கு மலைப்பக்கம் ஒரு கிராமத்துக் கடையை எடுத்தான். பெற்றோல், தபால், பால், பத்திரிகை எல்லாம் ஒரே கூரையின் கீழ். நாங்கள் லண்டனில், நோர்பரியில். ஞாயிறுதோறும் மனைவி அவனுக்குப் போன் எடுப்பாள். கடைசியில் நான் வாங்கி, அங்கே காலநிலை எப்படி என்று கேட்டு, அவன் சொல்வதைத் திகதியிட்டுக் கொப்பியில் எழுதுவேன். வட நாடுகளைப் பற்றி நிறைய வாசித்ததால் வந்த பித்து. ஒக்டோபர் முதல் வாரம் கண்ணாடியில் உறைபனி. டிசம்பரில் மூன்றரை மணிக்கே கடை விளக்கைப் போட வேண்டும். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளியே நின்று பத்திரிகை வாசிக்கலாம். நான் ஒருமுறையும் போகாத ஊருக்கு இப்படி ஐந்து வருடக் குறிப்பு சேர்ந்துவிட்டது.

மகள் பெரியபிள்ளையானாள். சாமத்தியச் சடங்குக்கு நாள் பார்த்தோம். (ஆண்டை எழுதக் கூடாது என்பது அவளுடைய கட்டளை.) ஐயர் இரண்டு நாட்கள் குறித்துத் தந்தார்: ஏப்ரலின் முதற் சனி, ஜூனில் ஒரு சனி. முதலில் தாய்மாமன்தான் தலையில் பாலும் அறுகும் வைத்துத் தண்ணீர் வார்க்க வேண்டும். மனைவிக்கு வேறு கூடப்பிறந்த சகோதரம் இல்லை.

"ஜூனுக்கு வைப்பம். அவன்ரை பக்கம் பனி கொட்டினால் வர ஏலாது," என்றாள்.

நான் கொப்பியை விரித்துக் காட்டினேன். ஐந்து ஏப்ரலிலும் முதல் கிழமை மழைத்தூறல், வெயில், பரவாயில்லை. பனி இல்லை. அவள் தலையாட்டினாள். ஏப்ரலிலேயே மண்டபம் எடுத்தோம்.

சடங்குக்கு முந்திய வியாழன் மாலை அங்கே பனி தொடங்கியது. வெள்ளி மதியம் அவன் கடையைப் பூட்டிக்கொண்டு காரில் புறப்பட்டான். மூன்று மணிக்குப் போன் வந்தது. மலை வீதியின் குறுக்கே ஒரு இரும்புக் கேற் உண்டு. பனி கூடினால் அதை மூடிவிடுவார்கள். அதற்குப் பக்கத்து ஹோட்டலில் இருந்து பேசினான்.

"பூட்டிப்போட்டாங்கள், அத்தான். சுத்திப் போற ரோட்டும் பூட்டு."

"எப்ப திறப்பாங்கள்?"

"அவங்களுக்கே தெரியாது. போன வருசம் இதே கிழமை ரெண்டு நாள் பூட்டிக் கிடந்தது."

"போன வருசம் வெயில் எண்டெல்லோ சொன்னாய்? எழுதி வைச்சிருக்கிறன்."

அவன் குரலைத் தணித்தான்.

"நீங்கள் கேக்கேக்கை அக்கா பக்கத்தில நிண்டு கேட்டுக்கொண்டிருப்பா. பனி எண்டால், கடையை வித்துப்போட்டு இஞ்சை வா எண்டு துவங்கிடுவா. அதுதான் நல்ல மாதிரிச் சொல்லுறனான். நீங்கள் அதை வைச்சு நாள் குறிப்பீங்கள் எண்டு ஆர் கண்டது?"

"திகதி சொன்ன நேரமாவது வாயைத் திறந்திருக்கலாமே."

"ஹோல் எடுத்தாச்சு, அழைப்புக் காட் அடிச்சாச்சு எண்டா அக்கா. பிறகு நான் என்னெண்டு சொல்லுறது?"

மனைவியிடம் கேற்றைப் பற்றிச் சொன்னேன். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை. வீதி நிலவரம் சொல்லும் இலக்கத்துக்கு அடித்தேன். பதிவுசெய்த குரல் ஒன்று ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னது. ரயிலில் வரலாம் என்றால், நிலையமும் கேற்றுக்கு அந்தப் பக்கம்.

சனி காலை நோர்பரியில் நல்ல வெயில். மகள் பழைய சேலையோடு, பின்வளவில் வைத்த பலகையில் இருந்தாள். நல்ல நேரம் ஒன்பதே முக்காலோடு முடிகிறது. ஒன்பதரைக்கு அந்த ஹோட்டலுக்குப் போன் எடுத்து அவனைக் கூப்பிட்டேன்.

"பனி வழிக்கிற மெஷின் இப்பதான் மேலை போகுது, அத்தான்."

இப்போது திறந்தாலும் லண்டனுக்குப் பத்து மணித்தியாலம்.

"என்னைப் பாத்துக்கொண்டிராமச் செய்யுங்கோ," என்றான்.

ரெய்னர்ஸ் லேனில் இருந்து வந்திருந்த, மனைவியின் பெரியம்மா மகன் கைமடிப்பை மேலே ஏற்றினார். "மாமன் எண்டால் நானும் மாமன்தானே. கொண்டாங்கோ பாலை."

"கான்ட் வீ ஜஸ்ட் வெயிட் ஃபோர் மாமா?" என்றாள் மகள்.

"நேரம் நிக்காது பிள்ளை. தலையைக் குனி," என்றாள் மனைவி. சொல்லும்போது அவள் மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

மகள் குனிந்தாள். பால் நெற்றியில் வழிந்தது. முதல் குடத்தையும் பெரியம்மா மகனே ஊற்றினார். போன் என் காதிலேயே இருந்தது.

"தண்ணி சூடோ அத்தான்? அவளுக்குக் குளிரும்."

"ஓம், சுடுதண்ணிதான்."

"ம்."

நான் போனை வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை.