வெள்ளிக்கிழமைக் கையெழுத்து

விளிம்பில் ஒரு நசுங்கல் விழுந்த சின்ன எவர்சில்வர் தட்டு அது. பகல் பன்னிரண்டேகாலுக்கு என் மேசைக்கு வரும். ஒரு கரண்டி சோறு, அதன்மேல் அரைக் கரண்டி சாம்பார், சூடு ஆறாமலிருக்க இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடியிருக்கும். கொண்டுவருகிற சமையலக்கா, நசுங்கிய இடத்தில் சரியாகக் கட்டைவிரலை வைத்துப் பிடித்திருப்பாள். அவள் விரல் பட்டுப் பட்டுத்தான் தட்டு நசுங்கிவிட்டதோ என்று நான் கேலி செய்ததுண்டு. மூடியை எடுத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தினமும் ஒரே கேள்வியைக் கேட்பாள்: "உப்பு சரியா இருக்கான்னு பாருங்க டீச்சர்."

சத்துணவைப் பிள்ளைகளுக்குப் போடுமுன் ஆசிரியர் ஒருவர் ருசி பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அதற்கென்றே ஒரு பதிவேடு உண்டு. தேதி, என்ன சமையல், ருசி எப்படி, கையெழுத்து என்று நாலு கட்டம். எங்கள் பள்ளி பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரத்தில், ஆற்றங்கரை ஊரொன்றில் இருந்தது. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம் எனக்கு. இருப்பவர்களில் இளையவள் என்பதால் தலைமையாசிரியர் அந்தப் பதிவேட்டை என் தலையில் கட்டியிருந்தார். மூன்றாவது கட்டத்தில் நான் எப்போதும் 'நன்று' என்றே எழுதினேன். பொய்யில்லை, அக்காவின் சாம்பார் நன்றாகவே இருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் எனக்கு விரதம். கல்யாணமாகி வந்தும் விடாத அம்மா வீட்டுப் பழக்கம். சாயங்காலம் கோயிலுக்குப் போய்வந்த பிறகுதான் அன்னம் தொடுவேன். அன்றைக்கும் தட்டு வரும், அன்றைக்கும் அதே கேள்வி வரும். "சரியாத்தான் இருக்கும்க்கா" என்று சொல்லி 'நன்று' எழுதிக் கையெழுத்துப் போடுவேன். தட்டு வந்தபடியே திரும்பிப் போகும். இதில் ஒரு தப்பு இருப்பதாக எனக்கோ வேறு யாருக்குமோ அப்போது தோன்றவில்லை.

அப்படியொரு வெள்ளிக்கிழமை. மதியம் இரண்டாவது பீரியடில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பெஞ்சிலேயே வாந்தி எடுத்தாள். அவளைக் கழுவிவிட்டு வருவதற்குள் பக்கத்து வகுப்பில் இரண்டு பேர் எடுத்தார்கள். மூன்று மணிக்குப் பதினோரு பிள்ளைகள் வேப்பமரத்தடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார்கள். சின்னவன் ஒருவன் "டீச்சர், செத்துப்போவேனா?" என்று என்னைக் கேட்டான். அவன் வாயைத் துடைத்துவிட்டு என் மடியில் சாய்த்துக்கொண்டேன். ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளைகள் அத்தனை பேரும் மறுநாளே நலமாக வீடு திரும்பினார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒவ்வொரு கட்டிலாகப் போய் "என்ன சாப்பிட்டே?" என்று கேட்டார். பிள்ளைகள் வாய் திறக்குமுன் பெற்றவர்கள் பதில் சொன்னார்கள்: "சத்துணவுதான் சார், வேற என்னத்த?"

நாங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்துவிட்டது. யாருடைய தட்டோ, சோற்றுக்குள் கறுப்பாய் வளைந்து என்னவோ கிடந்தது. வெந்த கறிவேப்பிலை ஈர்க்கு என்று அடுப்படியில் நின்ற எவருக்கும் பார்த்ததுமே தெரியும். படத்தின் கீழே 'பல்லி வால்' என்று எழுதியிருந்தது. ஊர் முக்குக்குப் போவதற்குள் வால் முழுப் பல்லியாயிற்று. அம்பாசமுத்திரம் போய்ச் சேர்வதற்குள் பல்லி அண்டாவில் மிதந்தது. மறுநாள் காலையில் சாலையை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். சமையலறைப் பூட்டை உடைத்தார்கள். "ஏலே, அண்டாவத் தூக்கி ரோட்டுல போடுங்கலே!" என்று ஒருவர் கத்தினார். அவருடைய மூன்று பிள்ளைகளும் அந்த அண்டாச் சோற்றில் வளர்ந்தவர்கள்தான். அக்கா அங்கே வந்திருக்கவே வேண்டாம். அண்டாவைத் தூக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடிவந்து வாசலில் நின்றாள். "எம் மவளும் இதத்தான தின்னா? அவளுக்கு ஒண்ணும் ஆவலையே!" என்று சொன்னாள். கூட்டத்திலிருந்து ஒரு பெண் உடனே, "அவளுக்குத் தனியா எடுத்து வச்சிருப்பே" என்றாள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். சனிக்கிழமை என்றாலும் தலைமையாசிரியர் எங்களை வரச்சொல்லியிருந்தார்; நான் ஸ்டாஃப் ரூம் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே போகவில்லை.

திங்கட்கிழமை விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். தலைமையாசிரியர் அறையில் மேசைமேல் அந்தப் பதிவேடு விரிந்து கிடந்தது. என் 'நன்று' பளிச்சென்று தெரிந்தது. நல்லவேளை, அவர் முதலில் என்னைக் கேட்கவில்லை. அக்காவைப் பார்த்து, "டீச்சர் ருசி பார்த்தாங்களாம்மா?" என்றார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "பாத்தாவ சார். நல்லாருக்குன்னுதான் கையெழுத்துப் போட்டாவ" என்றாள். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். வாயால் பொய் சொல்லவில்லை என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு நானே சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன்.

அந்தத் தலையாட்டல் எங்கே கொண்டுபோய் விடும் என்று எங்கள் இருவருக்குமே தெரிந்திருக்கவில்லை. அதிகாரி கணக்காக யோசிக்கிறவர். பன்னிரண்டேகாலுக்கு ஆசிரியை ருசி பார்த்திருக்கிறார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் பல்லியோ வேறெதுவோ அதற்குப் பிறகுதான் விழுந்திருக்க வேண்டும். அண்டாவை மூடி வைக்காதது சமையலரின் கவனக்குறைவு. இப்படி எழுதிக்கொண்டு, அக்காவைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்துவிட்டுப் போனார். அவளுக்குச் சாட்சியாக இருந்திருக்க வேண்டிய கையெழுத்தே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

புதன்கிழமை, முதலில் வாந்தி எடுத்த அந்த ஏழாம் வகுப்புப் பெண் என்னிடம் வந்து நின்றாள். "டீச்சர், சமையலக்கா இனிமே வரமாட்டாங்களா?" என்று கேட்டாள். அவள் அழ ஆரம்பித்தாள். "நான் அன்னைக்குச் சத்துணவே சாப்பிடல டீச்சர். வீட்டுலேர்ந்து புளிச்சோறு கொண்டாந்தேன்."

"பின்ன எப்படிட்டி வாந்தி எடுத்தே?"

"பின்னால வேலில கொட்டை கெடந்துச்சு. எல்லாருமா உடைச்சுத் தின்னோம். தேங்கா மாதிரி இருந்துச்சு. எங்கம்மாட்டச் சொல்லிராதீங்க, அடிப்பா."

பள்ளிக்குப் பின்புறம் போய்ப் பார்த்தேன். காட்டாமணக்கு வேலி. அதன் அடியில் உடைத்துப் போட்ட கொட்டைத் தோடுகள் பரவிக் கிடந்தன. காட்டாமணக்குக் கொட்டையைத் தின்றால் வாந்தியும் வயிற்றுவலியும் வரும் என்பது இந்தப் பக்கத்தில் ஆடு மேய்க்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சொல்வது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஓட்டமும் நடையுமாகத் தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருந்த, எந்த வம்புக்கும் போகாத மனிதர். "இப்பதான் ஊரு பைய அடங்குது டீச்சர். வேலிப்பக்கம் பிள்ளைகள விட்டது யாருன்னு அடுத்து நம்மளக் கேப்பான்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "மறுபடி விசாரணைன்னா அந்த நோட்டையும் மறுபடி விரிப்பாங்க. அன்னைக்கு வெள்ளிக்கிழமைலா?" என்றார்.

அவருக்கும் தெரிந்திருக்கிறது. நான் வகுப்புக்குத் திரும்பிவிட்டேன். ஊருக்குப் பயந்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் நான் பயந்தது என் வேலைக்கு.

அதன் பிறகு அங்கே நடந்ததெல்லாம் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. சமையலறை பூட்டிக் கிடந்தது. வீட்டிலிருந்து கொண்டுவர முடிந்த பிள்ளைகள் கொண்டுவந்தார்கள். முடியாதவர்கள் மதியம் குழாயடியில் நெடுநேரம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மரத்தில் பல்லி இருக்கும் என்று வேப்பமரத்தை வெட்டச் சொன்னார்கள், வெட்டினோம். இனி எந்தப் பதார்த்தத்திலும் கறிவேப்பிலை கூடாது என்று ஒரு தீர்மானம் வேறு. அக்காவின் மகளை ஆறாம் வகுப்பில் 'பல்லி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கூப்பிட்ட பிள்ளைகளை நான் அடித்தேன். என் வாழ்நாளில் பிள்ளைகளை அடித்தது அப்போது மட்டும்தான், அதுவும் யார்மேல் இருந்த கோபத்தையோ அவர்கள்மேல் காட்டினேன். பத்து நாளில் அந்தப் பெண் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். இத்தனைக்கும் நடுவே காட்டாமணக்கு வேலி மட்டும் செழிப்பாக நின்றது. ஒரு சனிக்கிழமை நானே ஆள் வைத்து அதை வேரோடு எடுக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டவர்களிடம், பாம்பு அடைகிறது என்று சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே எடுத்துப்போயிருந்த சாப்பாட்டு மாதிரியின் பரிசோதனை முடிவு இரண்டு மாதம் கழித்து வந்தது. சாப்பாட்டில் எந்தக் கெடுதலும் இல்லை. அதை யாரும் படம் பிடித்து அனுப்பவில்லை, அதற்காக யாரும் சாலையில் உட்காரவுமில்லை. அக்காவுக்கு மறுபடி வேலை கொடுத்தார்கள். ஆனால் ஊர் ஒத்துக்கொள்ளாது என்று ராதாபுரம் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்குப் போட்டார்கள். விடிகாலையில் கிளம்பி மூன்று பஸ் மாறிப் போனால்தான் அங்கே அடுப்புப் பற்றவைக்க முடியும். அவள் போகவில்லை.

அந்த முடிவின் நகலை எடுத்துக்கொண்டு, அரைநாள் லீவு போட்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாய்க்கால் கரையோரம் ஓட்டு வீடு. என்னைக் கண்டதும் எழுந்து, பாயை விரித்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, கடையில் ஒரு கலர் வாங்கிவரச் சொன்னாள். உள்ளே உலை கொதிக்கிற சத்தம் கேட்டது. "எதுக்குக்கா கலரெல்லாம், காப்பி போட்டுத் தந்தாப் போதாதா?" என்றேன். சிரித்தபடியே, "எங்கையால குடிச்சு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?" என்றாள். பேச்சோடு பேச்சாக, அண்ணன் மகளுக்குச் சடங்கு வைத்த கதையைச் சொன்னாள். "வெங்காயம் உரிச்சேன், இலை அறுத்தேன், எல்லாஞ் செஞ்சேன் டீச்சர். அடுப்புப் பக்கம் போயி கரண்டிய எடுத்தேன், எங்க மதினி பைய வந்து வாங்கிட்டா. நீ செத்த உக்காரு, களைச்சிருப்பேன்னு சொல்லுதா."

நகலை நீட்டினேன். வாசிக்கத் தெரிந்தவள்தான், வாங்கி மெதுவாக முழுவதும் வாசித்தாள். "இத எந்தச் சுவத்துல ஒட்டப் போறீக டீச்சர்?" என்று திருப்பிக் கொடுத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு எனக்காகப் பொய் சொன்னீர்களே அக்கா, அதற்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டேன். இரண்டு மாதமாக நெஞ்சில் வைத்திருந்த வார்த்தை அது. அவள் என்னைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"உங்களுக்காவ இல்ல டீச்சர். பாக்கலைன்னு சொன்னா, டீச்சரே தொடாத சோத்தப் பிள்ளைகளுக்குப் போட்டியான்னுல்லா கேப்பாங்க? நீங்க விரதம்னுதான் தொடல, எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா?"

டீச்சரே தொடாத சோறு. வெள்ளிக்கிழமைதோறும் மூடி வந்து, மூடியபடியே திரும்பிப் போன தட்டை அவள் எப்படிப் பார்த்திருக்கிறாள் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை. "இப்ப வேணா போய் உண்மையைச் சொல்லட்டுமாக்கா?" என்றேன். "இப்பயா?" என்றாள், அவ்வளவுதான். கோபமில்லை, கேலியுமில்லை. உள்ளே சோறு வெந்த மணம் வந்தது. ஒரு வாய் சோறு தாருங்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டு, "சோறு போடலாம்னா உங்களுக்கு இன்னைக்கு விரதம்லா" என்றாள். வெள்ளிக்கிழமைதான். பரவாயில்லை, போடுங்கள் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். நான் "ஆமாக்கா" என்றேன். கலரைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். போய் எதையும் யாரிடமும் சொல்லவுமில்லை.

எட்டு வருஷம் ஆகிறது. இப்போது வேறொரு பள்ளியில் தலைமையாசிரியை நான். ருசிப் பதிவேட்டை இங்கே யார் தலையிலும் கட்டவில்லை, நானே வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை விரதத்தை விட்டாயிற்று. அம்மா கேட்டதற்கு டாக்டர் சாப்பிடச் சொன்னார் என்று அதற்கும் ஒரு பொய். பன்னிரண்டேகாலுக்குத் தட்டு வருகிறது, புதுத்தட்டு, நசுங்கல் இல்லாதது. நுனிவிரலில் தொட்டு நக்குவதோடு விடாமல், முழுவதும் உண்டு, தட்டைக் காலி செய்த பிறகே கையெழுத்துப் போடுகிறேன். கொண்டுவருகிற பெண் சின்ன வயசு, என்னைக் கண்டால் கொஞ்சம் பயம். போன வெள்ளிக்கிழமை, நான் தட்டை வழித்துச் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தவள் தாங்கமாட்டாமல் கேட்டுவிட்டாள்: "தெனமும் இப்படிச் சாப்பிடுதீங்களே, எஞ்சமையல்ல சந்தேகமா டீச்சர்?"

"இல்லட்டி. பிள்ளைகளுக்கு ஒண்ணுன்னா உன்னையத்தான் முதல்ல பிடிப்பாங்க. அன்னைக்கு நானும் இதத்தான் தின்னேன்னு ஒருத்தி சொல்லணும்லா" என்றேன்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை ஆட்டிவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டு போனாள். அந்தப் பதிலைக் கேட்டிருக்க வேண்டியவள் வாய்க்கால் கரை வீட்டில் இருக்கிறாள். பழைய பள்ளியின் பீரோவில் அந்தப் பதிவேடும் இருக்கும். அதில் அந்த வெள்ளிக்கிழமையும் நான் ருசி பார்த்திருக்கிறேன், நன்று.