தாராளமா எடுத்துக்கோ

எனக்குப் பொறாமை உண்டு. இந்த வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது? அதிலும் குந்தாபுரா பக்கம் கடலோரத்தில் என் ஓரகத்தி கட்டியிருக்கும் வீட்டை நினைத்தாலே வயிறு எரியும். அந்த வீட்டுக்கு நான் போனது ஒரே ஒரு முறைதான்.

தொண்ணூறுகளில் ஒக்கலிபுரத்தில் இருந்த மாமனார் வீட்டை இடிப்பது என்று முடிவாயிற்று. சாமான்களைப் பிரித்தபோது, மூத்த மருமகள் என்பதால் முதல் உரிமை எனக்கு. பீரோ, டைனிங் டேபிள், ஷோகேஸ், டிவி என்று விரல் நீட்டிக்கொண்டே போனேன். எல்லாம் முடிந்த பிறகு ஓரகத்தி மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, இடிக்கும்போது வர்ற கதவு, ஜன்னலு, ஓடெல்லாம் நாங்க எடுத்துக்கட்டுமா?"

"தாராளமா எடுத்துக்கோ. லாரி வாடகைய மட்டும் என் தலைல கட்டாத."

எல்லாவற்றையும் ஹெப்பகோடியில் தெரிந்தவர் ஷெட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார்கள். வருஷக்கணக்கில் அப்படியே கிடந்தது. பண்டிகைக்குப் பார்க்கும்போதெல்லாம், "விறகு பத்திரமா?" என்று கேட்பேன். அவளும் சிரிப்பாள்.

பிறகு ஒருநாள் பல் டாக்டரிடம் காத்திருந்தபோது ஒரு பத்திரிகையைப் புரட்டினேன். இயற்கையோடு இசைந்த விடுமுறை வீடு, வாடகைக்கு என்று ஒரு பக்கம் முழுக்கப் படம். நடுவில் எங்கள் கூடத்து ஜன்னல்! ரயில் போகும்போதெல்லாம் கடகடவென்று ஆடும் அதே ஜன்னல். மூன்றாவது கம்பி வளைந்திருக்கும், அதுவும் அப்படியே இருந்தது. வீடு கட்டுகிறார்கள் என்று தெரியும். நான்கு சுவர் எழுப்பியிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். என் பங்கில் வந்த ஷோகேஸைக் கரையான் தின்றாயிற்று, டிவி காயலான் கடைக்குப் போயாயிற்று. பல்வலி போன இடம் தெரியவில்லை.

அந்த மரம் குடும்பத்துச் சொத்து, அதனால் அந்த வீட்டில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்பதாக முடிவு செய்தேன். ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்று போனில் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். வழி நெடுக ஒத்திகை.

போய் இறங்கியதும் குறை தேடினேன். அந்த மனையில் தோண்டிய மண்ணையே கல்லாக அறுத்துச் சுவர். மேலே எங்கள் ஓடு. குளித்த தண்ணீர் வாழைக்குப் போகிறது. ஏசி கிடையாது என்றாள். உச்சிவெயிலில் தெரியும் சேதி என்று காத்திருந்தேன். கடல் பக்கத்து ஜன்னலில் நுழைந்த காற்று எதிர் ஜன்னலில் வெளியே போனது. ஒரு சொட்டு வியர்க்கவில்லை. காற்றுகூட அவள் பக்கம்தான்.

சாயங்காலம் வாடகைக்குத் தங்கியிருந்த பெண்ணிடம் என்னைக் காட்டி, "இவங்கதான் அந்த அக்கா" என்றாள். அந்தப் பெண் சட்டென்று எழுந்து கைகூப்பினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஓரகத்தி சுவரைக் காட்டினாள். விருந்தாளிகள் தண்ணீரை எப்படிச் செலவழிக்க வேண்டும், குப்பையை எங்கே போட வேண்டும் என்று மூன்று மொழியில் எழுதிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அடியில் ஒரு வரி: 'இந்த வீட்டின் மரமும் ஓடும் என் அக்கா தாராளமாகக் கொடுத்தவை.'

"சும்னே ஒப்புக்கு எழுதலக்கா. அன்னிக்கு நீங்க மாட்டேன்னு சொல்லியிருந்தா இந்த வீடே இல்ல."

அவள் முகத்தில் குத்தல் இருக்கிறதா என்று பார்த்தேன். துளிகூட இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். வீட்டைவிட அந்த மனசுதான் எனக்கு அதிகப் பொறாமையாக இருந்தது. கொடுத்தவள் என்று சுவரில் மாட்டிவிட்ட பிறகு பங்கு கேட்பது எப்படி?

"என்னமோ கேக்கணும்னு போன்ல சொன்னீங்களேக்கா?"

அந்தப் பெண்ணும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல. விறகு பத்திரமான்னு கேக்கத்தான் வந்தேன்."

அவள் எப்போதும்போலச் சிரித்தாள்.