கொசுறாக வந்த கம்பளி

ஈரோட்டில் எங்கள் ஜவுளிக்கடையில் நான் சொல்லாத பொய் கிடையாது. சாயம் போகாது என்பேன், சுருங்காது என்பேன். இப்போது சொல்லப்போவது அந்த வகை அல்ல. 1997-இல், சான் ஹோசேயில், எனக்கும் என் மனைவி ஷ்யாமளாவுக்கும் நடந்தது. நம்பச் சொல்லி யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

அமெரிக்கா போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலும் புத்தி கல்லாவில்தான் இருந்தது. சனிக்கிழமையானால் யார்ட் சேல். வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்பார்களே, அது. அதிலும் கையால் செய்ததாகப் பார்த்துப் பொறுக்குவேன். ஒட்டுத்துணிப் போர்வை, கந்தலைப் பின்னிய கால்மிதி, செதுக்கிய மரக் கரண்டி. யாரோ கண் நோகச் செய்ததை ஒரு காபி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அந்த ஊரில் மலிவாகக் கிடைத்த ஒரே சரக்கு, செத்தவர்களின் உழைப்பு.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. லிவர்மோர் கோயிலுக்குப் போகிற வழி. ஷ்யாமளாவுக்கு ஐந்தாம் மாதம். ஒரு வீட்டின் முன்னால், நடுத்தர வயது அமெரிக்கப் பெண்மணி ஒருவர், இறந்துபோன தன் அம்மாவின் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். ஒரு போர்வையை அடித்துப் பேசி முடித்தேன். பிறகு வழக்கப்படி கொசுறு கேட்டேன். மேஜை ஓரத்தில் வெள்ளைக் கம்பளி நூல் உருண்டை. கூடவே இரண்டு பின்னல் ஊசிகள். ஊசியில் இரண்டே வரி பின்னல்.

"அது விற்பதற்கில்லை. அம்மா முடிக்காமல் விட்டது" என்றார்.

விற்க வேண்டாம், சும்மா கொடுங்கள் என்றேன். சிரித்துவிட்டார். சிரித்துவிட்டால் வியாபாரம் படிந்துவிட்டது என்று அர்த்தம்.

காரில் ஷ்யாமளாவின் மடியில் போட்டேன். "இந்தா, பாப்பாவுக்கு."

அவள் முகம் சுருங்கியது. "ஏனுங்க, கொழந்தை பொறக்கறதுக்கு முன்னால எதுவும் வாங்கக் கூடாதுன்னு அம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லீருக்காங்க."

"எங்க வாங்குனேன்? கொசுறு. உங்கம்மாகிட்ட அப்படியே சொல்லு."

"சரியான யாவாரிங்க நீங்க."

அதை வைத்து நாங்கள் சிரித்தது அத்தோடு சரி.

அடுத்த வாரம் அவள் கேட்டாள். "நீங்க பின்னறீங்களா?"

"எனக்குப் பட்டன் வெக்கவே தெரியாது. நீயில்லையா?"

"எனக்கு அந்த ஊசியப் புடிக்கவே தெரியாதுங்க."

எடுத்துப் பார்த்தேன். இரண்டு வரி இருந்த இடத்தில் நான்கு விரல் நீளம். துணிக்காரன் அல்லவா, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்னலும் கையெழுத்து மாதிரிதான். கை மாறினால் இழுவை மாறும். இதில் மாறவில்லை. முதல் இரண்டு வரியைப் பின்னிய அதே கை...

அவள் விளையாடுகிறாள் என்று நான் நினைத்தேன். நான் விளையாடுகிறேன் என்று அவள் நினைத்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். சாவி என் பையில்.

"பகல்ல சத்தம் கேக்குதுங்க."

"ஹீட்டரா இருக்கும்."

"ஹீட்டர் இன்னும் போடவே இல்லீங்க."

அக்டோபரில் ஒரு ஞாயிறு. மதியம் மூன்று மணி. நல்ல வெயில். ஷ்யாமளா சோபாவில் தூங்கினாள். அன்றைக்கு எனக்கும் கேட்டது.

டிக்... டிக்... டிக்...

பெட்டிக்குள்ளிருந்து. அவசரமே இல்லாமல்.

திறந்தேன். நின்றுவிட்டது.

நூல் உருண்டை எலுமிச்சம்பழ அளவுக்கு இளைத்திருந்தது. ஊசியைத் தொட்டேன்.

வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ அப்போதுதான் கையிலிருந்து கீழே வைத்த மாதிரி...

அந்த வெள்ளிக்கிழமை காலை, பெட்டியில் நூலே இல்லை.

பின்னல் முடிந்திருந்தது. ஓரம் கட்டி, நுனி மறைத்து, சதுரமாக மடித்து.

மேலே இரண்டு ஊசிகள். அருகருகே.

"ஏனுங்க..." ஷ்யாமளா வாசற்படியில் நின்றாள். "நேத்து சாயங்காலத்துல இருந்து அசையவே மாட்டேங்கறானுங்க."

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தவர், திரையை எங்கள் பக்கம் திருப்பவில்லை.

நவம்பரில் தனியாக, லிவர்மோர் வழியில் இருந்த அந்த வீட்டுக்குப் போனேன். அந்தத் துணியைத் திருப்பிக் கொடுக்க. பெண்மணி அதைப் பிரித்தார். இரண்டு கை அகலம்தான்.

"யார் முடித்தது?" என்றார்.

பதிலுக்கு, இது எதற்கு என்று கேட்டேன்.

துணியை மடித்துக்கொண்டே சொன்னார். அவருடைய அம்மா ஓர் ஆஸ்பத்திரிக்குத் தொண்டாகப் பின்னிக் கொடுப்பாராம். உயிரில்லாமல் பிறக்கும் குழந்தைகளைச் சுற்றிக் கொடுக்க. முன்கூட்டிப் பின்னி வைக்கவே மாட்டாராம். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். அளவு சொல்வார்கள். அதற்கப்புறம்தான் ஊசியை எடுப்பாராம்.

"இதற்கு மட்டும் போன் வரவில்லை. யாருக்கு என்று கேட்டேன். இன்னும் தெரியவில்லை என்றார். மறுநாள் காலையில் அவர் இல்லை."

"எப்போது?"

"பிப்ரவரியில்."

எங்கள் கல்யாணம் ஏப்ரலில். பிப்ரவரியில் நான் ஷ்யாமளாவின் போட்டோவைக்கூடப் பார்த்திருக்கவில்லை.