ஜெயராணி அக்காவும் அறுபத்து நாலாம் பக்கத்து ஆறும்

அன்று காலை நான் முதலில் கவனித்தது, லைட் டேபிளில் விளக்கு எரியாமல் இருந்ததைத்தான். மடிப்புக் கொட்டகைக்குப் போகும் வழியில் அந்த டேபிள் இருக்கும் அறையின் ஜன்னல் வரும். கண்ணாடிப் பலகைக்கு அடியில் ட்யூப்லைட் எரிந்தால் ஜன்னல் முழுக்க வெள்ளையாகத் தெரியும். அங்கே பிலிம் ஒட்டும் ஜெயராணி அக்கா மஞ்சள் காமாலையில் படுத்த மூன்று வாரமும் போர்மன் அண்ணாச்சிதான் அந்த வேலையைப் பார்த்தார். அவரும் வந்ததும் முதலில் விளக்கைத்தான் போடுவார். அன்று போடவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்காவின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"ஜெயராணி போயிருச்சு தாயி," என்றார். "விடியக்காலமே போயிருச்சாம்."

நான் வாசலிலேயே நின்றேன். அவர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"மொதலாளி போஸ்டர் அடிக்கச் சொல்லிட்டாக. தூக்குறதுக்கு முன்னாடி அது ஊரு ஆனைக்குட்டத்துல ஒட்டியாகணும். நீதான் இதுல உக்காந்து பழகுன புள்ள. வந்து உக்காரு." வெளியே போகும்போது திரும்பிப் பார்த்து, "பாத்துப் போடு, என்ன. திருப்பிப் போட்டுறாத," என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது அச்சகத்தில் இருக்கிற உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பதினாறாம் நாள் கொடுக்கப்போகிற இந்தச் சிறு புத்தகத்தை அக்காவின் சொந்தக்காரர்களும் படிப்பார்கள். கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கு ஒரு சம்பவம் எழுத வேண்டும் என்று அண்ணாச்சி சொன்னபோது, இந்தப் பிள்ளை என்ன எழுதப்போகிறது என்று சிலர் சிரித்தீர்கள். நான் எட்டாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. எழுதினால் வரும்.

நான் ஒரு வருடம் பாரம், அதாவது அச்சான பெரிய தாள், மடித்த பிறகு என்னை லைட் டேபிளுக்குக் கேட்டு வாங்கியது அக்காதான். "இவ கண்ணு நல்ல கண்ணு அண்ணாச்சி. மடிப்புல கெடந்து வீணாப் போகுது," என்றார். "வாயத் தெறக்க மாட்டேங்காளே," என்றார் அண்ணாச்சி. "பிலிம் ஒட்டக் கண்ணுதான வேணும். வாயி எதுக்கு?" என்றார் அக்கா. அன்று அது எனக்குப் பெருமையாக இருந்தது. எம்.புதுப்பட்டியில் வெடிக் கம்பெனிக்குப் போகும் என் அம்மா, மகள் மருந்துத் தூசி இல்லாத இடத்தில், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கிறாள் என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னாள்.

அந்த வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பக்கத்தில் எத்தனை கலர் உண்டோ அத்தனை பிலிம் வரும். ஒன்றுக்கு மேல் ஒன்று பொருந்தும்படி தனித்தனியாக ஒட்டிக் கொடுக்க வேண்டும். பிலிமின் ஒரு பக்கம் மருந்து பூசியிருக்கும். அந்தப் பக்கம்தான் கீழே இருக்க வேண்டும். எழுத்து உள்ள பிலிம் திரும்பிக் கிடந்தால் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். எழுத்து இல்லாத பிலிம் காட்டிக்கொடுக்காது. பிளேடால் ஓரத்தை லேசாகச் சுரண்டினால் மருந்துள்ள பக்கம் மட்டும் உதிரும். அதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். "மருந்து கீழ, மூஞ்சி நேர. அம்புட்டுதான் தொழிலு" என்பார் அக்கா.

காலண்டர் சீசன் முடிந்து வேலை குறைந்திருந்த மாசியில்தான் அந்த சைக்கிள் புத்தகம் வந்தது. சென்னை ஏஜெண்டு பிடித்துக் கொடுத்த வெளிநாட்டு ஆர்டர். ஸ்பெயின் நாட்டுக் கிராமப்புறத்தில் மலை மேலும் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகவும் சைக்கிளில் போவதற்கான பாதைகள். ஒரு பக்கம் வழிக்குறிப்பு, எதிர்ப்பக்கம் வரைபடம். மலையும் ரோடும் எழுத்தும் கறுப்பு, தண்ணீர் மட்டும் நீலம். அக்கா பன்னிரண்டாவது பாஸ். மேஜை டிராயரில் இருந்த பழைய இங்கிலீஷ் டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு சாப்பாட்டு நேரத்தில் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவார். சர்ச் வாசலில் கிளம்பு. ஆலிவ் தோட்டத்தைத் தாண்டி மண்பாதையில் இறங்கு. கல்பாலத்தில் ஆற்றைக் கடந்ததும் இடதுபக்கம் ஊற்று, தண்ணீர் பிடித்துக்கொள். அதற்கப்புறம் ஏற்றம். இறங்கித் தள்ளவும்.

"காச செலவழிச்சு பிளேன் ஏறிப் போயி, சைக்கிளத் தள்ளிக்கிட்டு மலை ஏறுவாகளாம்," என்று அக்கா சிரித்தார். "நம்ம ஊருக்கு வந்தா சும்மாவே தள்ளலாம். பஞ்சருக்கு ஆளு தேடியே பாதி நாடு பாத்துறலாம்."

வரைபடத்தில் கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்தான மலை, விலகி இருந்தால் சரிவு என்று அக்காதான் டிக்‌ஷனரி பார்த்துக் கண்டுபிடித்தார். பிறகு நாங்கள் இரண்டு பேரும் விரலாலேயே அந்தப் பாதைகளில் போய் வந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா தன் சைக்கிளில் என்னைப் பின்னால் உட்காரவைத்து ஆனைக்குட்டம் அணைக்குக் கூட்டிப்போனார். புத்தகத்தில் இருப்பது மாதிரியே வழி சொல்லிக்கொண்டு மிதித்தார். "அய்யனார் கோயிலில் இடப்பக்கம் திரும்பவும். வேலிக்கருவையில் முள் கவனம். டீக்கடையில் நாய் உண்டு." அணைக்கரை ஏறுவதற்கு முன், "இறங்கித் தள்ளவும்," என்றார். இருவரும் இறங்கித் தள்ளினோம். அணையில் நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. எனக்கு அப்படி ஒரு நாள் அதற்கு முன் இருந்ததில்லை. அதனால்தான் பின்னால் நடந்தது இன்னும் ஆறவில்லை.

பத்தொன்பதாம் பாதை, அறுபத்து நாலாம் பக்கம். அந்தப் பக்கத்தை ஒட்டிய அன்று நான் அம்மை போட்டு லீவில் இருந்தேன். திரும்பி வந்தபோது பாரம் மிஷினில் ஓடிக்கொண்டிருந்தது. கழிவுத் தாள் ஒன்றை எடுத்து வழக்கம்போல் விரலால் பாதையில் போனேன். பாலம் இருந்தது. பாலத்துக்கு அடியில் ஆறு இல்லை. முதலில் எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. நம் அர்ச்சுனா நதிப் பாலத்துக்கு அடியில் வருடம் முழுக்க மணல்தானே கிடக்கிறது. அப்புறம்தான் நீலக்கோட்டைப் பார்த்தேன். அது வரைபடத்தின் இன்னொரு ஓரத்தில், கோடுகள் நெருங்கிக் கிடந்த மலையின் மேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "அக்கா, ஆறு மலை மேல ஏறுது."

அக்கா லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். அவர் கழுத்தில் வியர்வை இறங்கியதை நான் பார்த்தேன். பிறகு தாளை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார்.

"பாலம் இருந்தா தண்ணி ஓடணுமாக்கும்? விருதுநகர்க்காரி கேக்குற கேள்வியா இது?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் போகாமல் நின்றதும் குரலை இறக்கி, "ஏத்தா, அங்கன அப்படித்தான் இருக்கும். யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத," என்றார்.

நான் சொல்லவில்லை. மிஷினை அப்போதே நிறுத்தியிருந்தால் ஒரு அச்சுப் பிளேட்டை மாற்றுவதோடு போயிருக்கும். அது என் தப்பு. அதை ஒப்புக்கொள்கிறேன்.

புத்தகம் போய்ச் சில மாதம் கழித்து அந்தப் பக்கம் மட்டும் கிழிக்கப்பட்டு ஏஜெண்டு வழியாகத் திரும்பி வந்தது. அதன் மேல் யாரோ சிவப்புப் பேனாவில் எழுதியிருந்தார்கள். முதலாளி அறையில் எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்து அண்ணாச்சி அதை வாசித்துச் சொன்னார். யாரோ ஒருவர் நம் புத்தகத்தை நம்பி, தண்ணீர் இருக்கும் என்று வெயிலில் அந்த மலை மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறியிருக்கிறார். ஆறு மலைக்கு அந்தப் பக்கம், அவர் கிளம்பிய இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்ததாம். நீலப் பிலிமை எடுத்துப் பார்த்தார்கள். மருந்துப் பக்கம் மேலே இருந்தது.

"ஒட்டுனது யாரு? அவுக நாளைக்கு வர வேண்டாம்," என்றார் முதலாளி.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை.

"இவ கை பட்டதுதான் மொதலாளி," என்றார். "சின்னப் புள்ள. தெரியாமப் போட்டுட்டா. எனக்காக இந்த ஒரு தடவ மன்னிச்சு விட்டுருங்க. இனிமே டேபிள்ல உக்கார வேண்டாம், மடிப்புக்கே போகட்டும்." சொல்லும்போது என் தோளில் கை வைத்திருந்தார். அது நான் லீவு போட்ட நாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வரவில்லை.

மடிப்புக் கொட்டகையில் இருந்த நீங்கள் எல்லோரும் அந்த ஒரு பக்கத்துக்காக, அனுப்பாமல் மிச்சம் இருந்த புத்தகங்களைப் பிரித்து, புதுத் தாளை ஒட்டி, மறுபடி கட்டினீர்கள். பசையில் விரல் வெந்து, "ஆத்தத் திருப்புன ஆத்தா வாராக, வழி விடுங்க," என்று என்னைக் கேலி செய்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, நானாக இருந்தாலும் செய்திருப்பேன். எனக்கு வலித்தது, அந்தக் கேலி நடக்கும்போது இரண்டு தடவை அக்கா அந்தப் பக்கம் வந்து, அதைக் காதில் வாங்கிக்கொண்டு போனதுதான்.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்க்கப் போனேன். கண்ணெல்லாம் மஞ்சள். அக்காவின் அம்மா வெந்நீர் வாங்கக் கீழே போனதும் நாங்கள் இரண்டு பேர்தான். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அதற்காகத்தான் பஸ் ஏறிப் போனேன் என்பதையும் மறைக்கவில்லை.

"சாப்பிட்டியா?" என்றார்.

"சாப்பிட்டேன்க்கா."

"டேபிள்ல இடதுபக்க ட்யூப்பு மினுங்குது. அண்ணாச்சிகிட்ட மாத்தச் சொல்லு. கண்ணு போயிரும்."

"சொல்றேன்க்கா."

அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் அம்மா வரும்வரை நான் உட்கார்ந்திருந்தேன்.

சாவு வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் என்னிடம் அதையே சொன்னீர்கள். "அன்னைக்கு அவ பேசலன்னா நீ இன்னைக்கு வெடிக் கம்பெனியிலதான். மறந்துறாத." அக்காவின் அம்மாகூட என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்மேல எம்மகளுக்கு அம்புட்டுப் பிரியம்," என்று அழுதார். பிரியம் இருந்தது அம்மா. அதை நான் மறுக்கவில்லை. என்னைக் கேட்டு வாங்கியதும், ஆனைக்குட்டத்துக்கு மிதித்ததும் பொய்யில்லை. அறுபத்து நாலாம் பக்கத்தை ஒட்டியது நான் இல்லை என்பதும் பொய்யில்லை. அன்று நான் லீவு. வருகைப் பதிவு அண்ணாச்சியின் அலமாரியில்தான் இருக்கிறது. மகளின் சம்பளத்தில்தான் உங்கள் வீடு நடந்தது என்று எனக்கும் தெரியும். வேலை போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் தெரியும். ஆனால் அதை என்னிடம் ஒரு நாள், யாரும் இல்லாத நேரத்தில், அவர் சொல்லியிருக்கலாம். ஒரு வருடம் இருந்தது.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது இரண்டுதான். நாலாக மடித்த அந்தத் தாள் ஒன்று. ஆறு இன்னும் மலை மேல்தான் ஏறிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, மருந்து கீழே, மூஞ்சி நேரே என்று அவர் சொல்லிக் கொடுத்தது.

போஸ்டர் போட வேண்டிய அன்று காலை, அண்ணாச்சி போன பிறகு நான் விளக்கைப் போட்டேன். இடதுபக்க ட்யூப் இன்னும் மினுங்கியது. கேமரா அறையிலிருந்து அக்கா போட்டோவின் பிலிம் வந்தது. முகம் கறுப்பாகவும் தலைமுடி வெள்ளையாகவும், மூக்குக்குப் பக்கத்தில் இருந்த மச்சம் ஒரு வெள்ளைப் புள்ளியாகவும் தெரிந்தது. முகத்துக்கு எழுத்து கிடையாது. எந்தப் பக்கம் வைத்தாலும் அக்கா மாதிரியேதான் இருக்கும். மச்சம் மட்டும் இடம் மாறும்.

பிளேடை எடுத்து ஓரத்தைச் சுரண்டினேன். மருந்து உதிர்ந்தது. மருந்து கீழே வரும்படி பிலிமைத் திருப்பி வைத்து, நாலு மூலையிலும் டேப் ஒட்டினேன்.